படகுப் படிவத்தில் எழுத வேண்டியது

தென்காசி
புதன்கிழமை, அஸருக்குப் பிறகு

அன்பு மகன் பீர் மைதீனுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். என் முட்டுவலியைத் தவிர இங்கே நானும் வாப்பாவும் சுகம், அங்கே நீயும் பர்சானாவும் பேத்தி ஹனாவும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறவனுக்குக் கடிதமா என்று சிரிக்காதே. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாப்பா கடைக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன், எதிர்வீட்டு முகம்மது சலீம் வெள்ளிக்கிழமை துபாய்க்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் பையோடு இதையும் கொடுத்துவிடுவேன்.

இங்கே சாரல் தொடங்கிவிட்டது, குற்றாலத்தில் அதற்குள் வண்டி நிறுத்த இடமில்லையாம். உன் கபீர் மாமா பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொடுத்துவிட்டார், மூன்று நாளாக அதே குழம்புதான், வாப்பா தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்புகிறார். நீ பெருநாள் லீவுக்கு ஓமான் நாட்டுக் கஸப் போய் மரப் படகில் ஏறி, வாயில் குழாயை வைத்துக்கொண்டு கடலுக்குள் மீன் பார்க்கப் போவதாகச் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அந்த ஊர்க் கடலான ஹோர்முஸ் நீரிணை என்று டிவியில் பேர் வந்தாலே வாப்பா சத்தத்தைக் கூட்டுகிறார், நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். நம்ம பாண்டிய ராஜாக்களுக்கு அந்த வழியாகத்தான் கப்பலில் குதிரை வந்துச்சும்மா என்று நீ ஆசையாகச் சொன்னாய், குதிரை வந்தால் வரட்டும், அதையெல்லாம் நானா பெற்றேன். கூட வேலை செய்கிறவர்களிடம் குற்றாலத்துக்காரனுக்குத் தண்ணி பயமா என்று வேறு பேசியிருக்கிறாய். அருவி தலையில் விழுகிற தண்ணீர், காலுக்குக் கீழே பாறை இருக்கிறது, கடலில் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு வருகிறேன். படகுக்காரன் படிவத்தில் காதுக்கோளாறு உண்டா என்று கேட்டிருக்கிறான், சின்ன வயசுல என் காதுல ஓட்டைன்னு டாக்டர் எழுதின சீட்டு இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா என்றாய். பீரோவில் தேடிப் பாக்கேன் என்றேன். நான் தேடவில்லை, மைதீன். அப்படி ஒரு சீட்டே கிடையாது. உன் காதில் ஓட்டையும் கிடையாது. சின்ன வயதில் காதுவலி என்று உன்னைக் கூட்டிப் போனபோது டாக்டர் பார்த்துவிட்டு வெறும் அழுக்குதான், சொட்டு மருந்து போட்டால் போதும் என்றுதான் சொன்னார்.

உனக்கு ஒன்பது வயது, கோடை லீவு. கபீர் மாமா தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழக்குவதாகக் கூட்டிப் போயிருந்தார். அந்த வாரம்தான் ஆலங்குளம் பக்கம் உன் வயதுப் பையன் ஒருத்தன் கிணற்றில் போய்விட்டான். கேள்விப்பட்டதும் கிடைத்த பஸ்ஸில் ஏறி ஓடி வந்தேன். இடுப்பில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு கிணற்றுப் படியில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். மாமாவானால் ஏன் பதறுத, ஒரே வாரத்துல நீந்த வச்சிருதேன் என்கிறார். இவனுக்குக் காதுல ஓட்டை, தண்ணி போனா செவிடாயிருவான்னு டாக்டர் சொல்லிட்டார் என்று அந்த இடத்தில் என் வாயில் வந்தது. அன்றிலிருந்து அருவிக்குப் போகும்போதெல்லாம் உன் காதில் எண்ணெய்ப் பஞ்சு வைத்தேன், நீ அமீரகம் போன பிறகும் பையில் வைத்து அனுப்பினேன். வாப்பாவுக்கே இது இன்றுவரை தெரியாது, அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்தப் பொய்யை அப்படியே விட்டால் நீ கடலில் இறங்காமல் படகிலேயே இருப்பாய், எனக்கு நிம்மதி. இரண்டு நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நேற்று, ஹனாவுக்கும் என் காதுதான் இருக்கும், பள்ளிக்கூட நீச்சல் வகுப்பை நிறுத்திட்டேன் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. என் பயத்துக்கு நீ ஒருத்தன் போதும், அந்தப் பிள்ளையும் வேண்டாம்.

அதனால் படிவத்தில் காதுக்கு ஒன்றுமில்லை என்று எழுது. நீந்தத் தெரியாது என்பதையும் கட்டாயம் எழுது, குற்றாலத்துக்காரன் என்ற வீம்பெல்லாம் வேண்டாம், கேட்டால் எங்க உம்மா விடலை என்று சொல். மிதவைச் சட்டையைப் படகில் ஏறும்போதே போட்டு, கரையில் இறங்கிய பிறகு கழற்று. படகுக்காரன் கையெட்டும் தூரத்திலேயே இரு. என் மேல் கோபம் வந்தால் இரண்டு நாள் பேசாமல் இரு, மூன்றாம் நாள் கூப்பிட்டுவிடு.

அல்லாஹ் உங்கள் மூவரையும் தண்ணீரிலும் தரையிலும் காப்பானாக. மறக்காமல் ஹனாவை அந்த வகுப்பில் திரும்பச் சேர். பையில் அல்வாவும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருக்கிறது. பஞ்சும் எண்ணெய்ப் புட்டியும் இந்தத் தடவை வைக்கவில்லை.

உன் உம்மா,
ஜாஹிரா பீவி