மேஜை இருந்த இடம்

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கும் செருப்பு மாறிப்போனது. இடது காலில் தன்னுடையது, வலது காலில் யாருடையதோ. அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள் குட்டி வக்கீல். பஸ் கண்டக்டர் அம்மாவின் மகள், நாலு வயது. எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் அந்தப் பெயர். செருப்பு வைக்கக் கூட இடமில்லை. காப்பகம் என்று பெயர்தான் பெரிது. இரண்டு அறை, பதினெட்டுப் பிள்ளைகள், நான், நாத்தனார்.

மார்ச் 5

ஆய்வுக்கு அதிகாரி அம்மா வந்தார். டேப்பைத் தரையில் போட்டு இழுத்தார். பீரோக்கள் நிற்கும் இடம் சேராது. மெத்தை அடுக்கிய மூலை சேராது. பொம்மை அலமாரி சேராது. “பிள்ளை நடக்கிற தரைதான் தரை” என்றார். பிறகு என் மேஜை முன்னால் நிதானமாக உட்கார்ந்து எழுதினார்: பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். இருபத்தைந்தாம் தேதி மறுபடி வருவாராம். அதற்குள் ஆறு பேரை அனுப்பிவிட வேண்டும், கடைசியாகச் சேர்ந்தவர்களில் தொடங்கி.

கடைசியாகச் சேர்ந்தது குட்டி வக்கீல்.

அவள் அம்மாவிடம் சொன்னேன். “இங்கயும் இல்லைன்னா நான் வேலையைத்தான் விடணும், மிஸ்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

வீட்டில் இவர், “ஆறு பேர் குறைஞ்சா உனக்கும் தலைவலி குறையும்ல?” என்கிறார்.

குறையாது! பீரோ இருக்கலாம், பிள்ளை இருக்கக் கூடாதா? பீரோவோட அம்மா எங்கயாவது வேலைக்குப் போறாளா? ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன். எழுதி வைக்கிறேன் இங்கே. ஒருத்தரையும்.

மார்ச் 7

தச்சர் வந்து பார்த்தார். சுவர் முழுக்க மர அலமாரி போட்டால் அழகாக இருக்குமாம். விலையைச் சொன்னார். தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

சரி, நானே நாலு பலகை அடித்துக்கொள்கிறேன் என்று பார்த்தால், எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்துவிட்டார் வீட்டுச் சொந்தக்காரர். “சுவர்ல ஒரு ஆணி இறங்குச்சுன்னா, நீங்க வீட்டை விட்டு இறங்கணும்.”

தரையும் கூடாது, சுவரும் கூடாது. காற்றில் தொங்கவிடவா?

மார்ச் 9, ஞாயிறு

ஆமாம், காற்றில்தான்.

நானும் நாத்தனாரும் பீரோக்களைக் காலி செய்தோம். மூடியில்லாத பேனாக்கள் ஒரு டப்பா நிறைய. சக்கரமில்லாத லாரிகள். காற்றுப் போன பந்துகள். யாரும் திறந்தே பார்க்காத பழைய வருகைப் பதிவேடுகள். இந்தக் குப்பைக்குத்தான் இத்தனை நாள் பிள்ளைகளின் இடத்தைக் கொடுத்துவைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது, என் மேல்தான். இரண்டு பீரோவையும் பழைய இரும்புக் கடைக்காரர் தூக்கிப்போனார்.

மார்ச் 12

எதிர்ப்பக்கத்து வெல்டரிடம் கேட்டேன்: ஆணி இல்லாமல் ஒரு கம்பி நிற்குமா? அவர் யோசிக்கவே இல்லை. இரண்டு குழாய், ஒன்றுக்குள் ஒன்று. மேலும் கீழும் ரப்பர். தரையில் ஊன்றி முறுக்கினால் நீண்டு கூரையில் முட்டி இறுகிவிடுகிறது. மூலைக்கு மூலை ஒன்று, நடுவே குறுக்குக் கம்பிகள். நான் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். “நீங்களே தாங்கிட்டீங்கன்னா மெத்தை எல்லாம் எம்மாத்திரம்?” என்றார். இருக்கட்டும், காரியம் ஆக வேண்டும்.

மார்ச் 14

நாத்தனார் மூன்று நாளாகத் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. பழைய பேண்ட்டுகளை வெட்டி, வரிசை வரிசையாகப் பைகள். ஆளுக்கொன்று, மாற்றுத்துணிக்கு, செருப்புக்கு. பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாதே, அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு படம். விளையாட்டுக் கட்டைகளுக்குப் பெரிய வட்டத் துணி. விரித்தால் விளையாடும் விரிப்பு, ஓரத்துக் கயிற்றை இழுத்தால் மூட்டை. மெத்தைகளைச் சுருட்டிக் கம்பியில் மாட்டியாயிற்று. பொம்மை அலமாரிக்கும் வேலை போய்விட்டது.

மார்ச் 17

மண்டையில் அடித்துக்கொள்ள வேண்டும். பைகளையெல்லாம் என் தோள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறேன்! காலையிலிருந்து பதினெட்டுப் பேரும் என் பின்னாலேயே. குட்டி வக்கீல் இடுப்பில் கைவைத்து, “என் பையை எனக்கு எட்டாம எதுக்கு வச்சீங்க?” என்றாள். எல்லாவற்றையும் அவள் மூக்கு உயரத்துக்கு இறக்கினோம்.

மார்ச் 20

வெல்டரின் டேப்பை வாங்கி அளந்தேன். மூன்று முறை அளந்தேன். பதினேழு பேருக்கு இடம்.

பதினேழு.

தரையில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. என் மேஜை.

மார்ச் 21

முடியாது. அது என் மேஜை. அதன் பின்னால் உட்கார்ந்திருப்பதால்தான் பெற்றோர்கள் மிஸ் என்கிறார்கள். தரையில் உட்கார்ந்து மூக்குத் துடைத்துவிடுகிறவளை ஆயா என்பார்கள். படித்துவிட்டு வந்தவள் நான்.

நாத்தனாரிடம் சொல்லிப் புலம்பினேன். “ஆயான்னு கூப்பிட்டா கை தேஞ்சுடுமா, அண்ணி?” என்றாள்.

பெரிய ஞானி! சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்க்கிறேன்: ஒரு நாளில் அந்த மேஜையில் எவ்வளவு நேரம் உட்காருகிறேன்? சாப்பாட்டு டப்பாதான் உட்காருகிறது.

மார்ச் 22

மேஜை போய்விட்டது. வீட்டில் நாத்தனாரின் தையல் மெஷினுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

அதிகாரி வந்தார். இழுத்தார், குறித்தார், மறுபடி இழுத்தார். ஒரு கம்பியை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. சுவரில் ஆணி தேடினார், இல்லை.

“எங்க வச்சு எழுதுறது?”

“மேஜை இல்லைங்க, மேடம்.” குழந்தைகள் உட்காரும் முக்காலியை நகர்த்திக் கொடுத்தேன். முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, மடியில் வைத்து எழுதினார். பதினெட்டு.

எழுந்திருக்கக் கை கொடுத்தேன். சிரிக்கவில்லை. அவர் தெரு திரும்பும்வரை சிரிக்கவில்லை. கண்டக்டர் அம்மாவுக்கு போன் செய்தபோதுதான் அழுகை வந்துவிட்டது, இரண்டு பேருக்கும்.

மார்ச் 27

மதியம் புதிதாக ஒரு அப்பா வந்தார், மகனைச் சேர்க்க. நான் தரையில் உட்கார்ந்து ஒருத்தனுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “ஆயாம்மா, மிஸ் எங்க இருக்காங்க?” என்றார்.

மேஜை இருந்த இடத்தில் குட்டி வக்கீல் கைகால் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“நான்தாங்க” என்றேன். “மெதுவாப் பேசுங்க, பிள்ளை தூங்குது.”