பதினோரு மணி இரைச்சல்

மார்ச் 4, செவ்வாய்

புது பிக்கப் வந்து ஒன்பது நாள் ஆகிறது. பழைய வண்டியில் கதவைத் திறந்தால் கைப்பிடி கையோடு வரும். ரேடியோ மட்டும் கணீரென்று பாடும். இதில் எல்லாம் நேர்மாறு. கண்ணாடி தானே இறங்குகிறது, பின்னால் யாராவது நின்றால் கீச்சிடுகிறது, பெல்ட் போடாவிட்டால் என் மாமியார் மாதிரி விடாமல் சொல்லிக்காட்டுகிறது. ரேடியோவைப் போட்டால் மட்டும் காய்ந்த எண்ணெயில் ஈரக் கரண்டியை விட்டது போல ஒரே இரைச்சல்.

வேறு சமயமாக இருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் இன்று பதினோரு மணிக்கு என் மனைவி ரேடியோவில் பேசினாள்.

போன மாதம் எங்கள் உள்ளூர் நிலையம் பேருந்து நேரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டது. இவள் போன் போட்டு நிலைய அதிகாரியை வாங்கு வாங்கென்று வாங்கினாள். மனிதர் கோபப்படுவார் என்று பார்த்தால், "அம்மா, இதே மாதிரி மைக்குல பேசுவீங்களா?" என்றாராம். செவ்வாய், வெள்ளி, கால் மணி நேரம், வீட்டுப் பேச்சு. மொத்தம் எட்டுத் தடவை வெள்ளோட்டம். கேட்பவர்களுக்குப் பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வணக்கம். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இவள் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. இப்போது குளியலறைக்குள் ஒத்திகை. என் காதில் விழக்கூடாதென்று குழாயை வேறு திறந்துவிட்டுக்கொள்கிறாள்.

பதினோரு மணிக்கு நான் என் கடையிலிருந்து ஒரு வீட்டில் இறக்க வேண்டிய இரட்டை மெத்தையோடு மேம்பாலத்தில் இருந்தேன். காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்துக் கேட்டதில் தேறியது இவ்வளவுதான்: "வணக்கம்... ஷ்ஷ்ஷ்... எங்க வீட்டுக்காரர்... ஷ்ஷ்ஷ்ஷ்... அதையும் தின்னுட்டாரு."

எதை?

மார்ச் 5, புதன்

கேட்டேன். "கேட்டவங்களுக்குத்தான் தெரியும்" என்கிறாள். அந்த நிலையத்தில் பிறகு போட்டுக் கேட்கப் பதிவெல்லாம் கிடையாது. காற்றில் போனால் போனதுதான்.

மார்ச் 7, வெள்ளி

மூன்றாவது மாடிக்கு மெத்தை ஏற்றினேன். கதவைத் திறந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"எதுங்கம்மா?"

"ஒண்ணுமில்ல. பாத்து இறக்குங்க. இடுப்பு பத்திரம்."

என் இடுப்பு அவருக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 11, செவ்வாய்

வண்டி வாங்கிய இடத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். டை கட்டிய பையன் மிகவும் வருத்தப்பட்டான். "சார், ஊர்ல கட்டடம் ஜாஸ்தி ஆயிடுச்சு. அலை மோதித் திரும்பிடுது." ஏதோ கடற்கரையில் நிற்பவன் போலச் சொல்கிறான். அதே ஊரில், அதே கட்டடங்களுக்கு நடுவில்தான் என் ஓட்டை வண்டி பன்னிரண்டு வருடம் பாடியது.

என் மெத்தைக் கடையில் ஒரு ரேடியோ உண்டு. நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் கடையைப் பார்த்துக்கொள்பவன் என் மச்சான். அவனைப் பிடித்தேன்.

"டேய், இன்னிக்கு உங்கக்கா என்ன சொன்னா?"

"மாமா, அக்கா சத்தியம் வாங்கியிருக்கா."

"உனக்கு வேலை குடுத்தது நானு."

"மூணு வேளை சோறு போடுறது அவ."

இதற்கு மேல் வாதம் கிடையாது.

மார்ச் 14, வெள்ளி

இன்று துணிந்து கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்து ஐம்பத்தைந்துக்கு நிலையத்திலிருந்து அவள் போன்.

"கடையிலயா இருக்கீங்க?"

"ஆமா."

"கிளம்புங்க. நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு தெரிஞ்சா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். எட்டு வாட்டில நாலாவதுங்க இது. கெடுத்துடாதீங்க."

காலி வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். ஷ்ஷ்ஷ்.

மார்ச் 18, செவ்வாய்

பெட்ரோல் போடும் இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் தோளில் தட்டி, "என்ன பாய்க்காரரே" என்றார். விசாரித்ததில் தெரிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் மெத்தை விற்கிற மனுஷன் வீட்டில் பாயைப் போட்டுத் தரையில் படுக்கிறான் என்று சொல்லியிருக்கிறாள்.

உண்மைதான். இருபது வருடமாக அப்படித்தான். மெத்தையில் படுத்தால் என் இடுப்பு மறுநாள் எழுந்திருக்காது. ஆனா அது தொழில் ரகசியமில்லையா? டாக்டர் மாத்திரை முழுங்குறதில்லைன்னு அவர் பெண்டாட்டி ஊரைக் கூட்டிச் சொல்லுவாளா? என்ன நெனச்சுக்கிட்டு இருக்கா இவ?

கேட்டேவிட்டேன்.

"பேர் சொல்லலையே நான்."

"இந்த ஊர்ல மெத்தைக் கடையே ஒண்ணுதான்டி இருக்கு."

"அப்ப அது என் தப்பா?"

சாயங்காலம் இரண்டு பேர் என்னைப் பார்ப்பதற்கென்றே கடைக்கு வந்து, பார்த்துச் சிரித்து, ஆளுக்கு ஒரு மெத்தை வாங்கிப் போனதை நான் அவளிடம் சொல்லவில்லை. அந்த அளவுக்குப் பெருந்தன்மை இன்னும் வரவில்லை.

மார்ச் 20, வியாழன்

பிரேக் பார்ப்பதற்காக மெக்கானிக்கிடம் போனேன். போன இடத்தில் ரேடியோவைப் பற்றியும் புலம்பினேன். அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்.

"அண்ணே, ஏரியல் எங்க?"

"எந்த ஏரியல்?"

கூரையின் நடுவில் ஒரு ரப்பர் மூடி. அதைத் திறந்தால் திருகாணித் துளை.

"புது வண்டில கழட்டித்தான் அனுப்புவாங்க. டேஷ்போர்டு பெட்டிக்குள்ள ஒரு கவர்ல, கறுப்பா, முழ நீளத்துக்கு ஒரு குச்சி இருந்திருக்குமே?"

இருந்தது. வந்த அன்றே பார்த்தேன். வளைகிறது, உடையவில்லை, பிடித்துக்கொள்ள அடியில் கெட்டியாக ஒரு பிடி. கம்பெனிக்காரன் எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறான் என்று மெச்சி, கடைக்கு எடுத்துப்போனேன். மூன்று வாரத்துக்கு மேலாக அதை வைத்துத்தான் மெத்தைகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறோம். "குச்சின்னா இதுதான் மாமா குச்சி" என்று மச்சான் சான்றிதழ் வேறு கொடுத்திருந்தான்.

மெக்கானிக் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு கடைக்குப் போய், மச்சானுக்கு ஒரு சாதாரணப் பிரம்பைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிவந்து திருகினேன். கணீர்.

வீட்டில் மூச்சு விடவில்லை. நாளை வெள்ளிக்கிழமை.

மார்ச் 21, வெள்ளி

பத்து ஐம்பதுக்கே வண்டியை ஒரு பள்ளிக்கூடச் சுவர் ஓரம் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக்கொண்டேன். திருடப் போனவன் கூட இவ்வளவு முன்னேற்பாடு செய்திருக்க மாட்டான்.

வந்தாள். எனக்குத் தெரிந்த குரல்தான், ஆனால் அவசரமில்லாமல், அடுப்பில் எதுவும் இல்லாத குரல். விருந்தாளிகள் கிளம்ப நேரமானால் நான் உட்கார்ந்தபடியே தூங்குவது போல நடிப்பதையும், ஒரு நாள் நடிப்பு நிஜமாகி, விருந்தாளியே எனக்குப் போர்த்திவிட்டுப் போனதையும் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் ஹாரனில் கை பட்டு, பள்ளிக் காவலாளி ஓடிவந்தார்.

கடைசியில் சொன்னாள்:

"அவரு இதைக் கேக்க மாட்டாரு. புது வண்டில ரேடியோ எடுக்கல. எனக்காகவே செஞ்ச வண்டி அது. அவரு மட்டும் கேட்டா நான் வாயே திறக்க மாட்டேங்க. ஊரே சிரிச்சு, அவரு ஒருத்தர் சிரிக்கலன்னா எனக்குத் தாங்காது."

காவலாளிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வழக்கமான கேள்வி. "இன்னிக்காவது எடுத்துச்சா?"

வாயைத் திறந்தேன். முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எங்க. ஒரே இரைச்சல்."

அப்படியா என்று உள்ளே போனாள். போகும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள்.

மார்ச் 25, செவ்வாய்

ஏழாவது. என் குறட்டையைச் செய்து காட்டினாள். வடிகட்டிய பொய், நான் அவ்வளவு நீளமாக இழுப்பதில்லை. மறுப்புச் சொல்லவும் வழியில்லை. தெரு முனைக்கு வந்ததும் ஏரியலைக் கழற்றி மெத்தை உறைக்குள் ஒளித்துவைக்கிறேன். இந்த வயதில் இது தேவையா?

மார்ச் 28, வெள்ளி

எட்டாவதும் முடிந்தது. அதிகாரி ஒன்றும் சொல்லவில்லையாம். "செவ்வாய்க்கிழமை சொல்றேம்மா" என்றாராம். இரண்டு தடவை உப்புப் போட்டுச் சமைத்தாள். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

நிரந்தரம். வாரத்தில் ஐந்து நாள். தேதியைப் பார்த்து அவளே நம்பாமல், அதிகாரியைத் திரும்பக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டாள். மச்சான் இனிப்போடு வந்தான். எல்லாரும் இருக்கும்போது என்னைப் பார்த்து, "பாவம், உங்களுக்குத்தான் கேக்கக் குடுத்து வைக்கல" என்றாள்.

"விடமாட்டேன்" என்றேன். கம்பெனிக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினேன்: ரேடியோ அறவே எடுப்பதில்லை, உடனே ஆள் அனுப்பிச் சரிசெய்யவும். இரண்டு பக்கம். கோபமாக இருக்கட்டும் என்று அங்கங்கே அடிக்கோடு. உரக்கப் படித்தும் காட்டினேன்.

"குடுங்க, நாளைக்கு நிலையத்துக்குப் போறப்ப நானே தபால்ல போட்டுடறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் கடைச் சாவியைக் காணோம். அவள் கைப்பைக்குள் தேடினேன். சாவி இல்லை. புகார்க் கடிதம் இருந்தது. தபால்தலையெல்லாம் ஒட்டி, நாலாக மடித்து, பையின் அடியில்.

மடிப்புக் கலையாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மணி பத்து நாற்பது. வண்டியை எடுக்க வேண்டும்.