மறியல் வாரத்தில் என் எடை

வியாழன் 17
காலையிலிருந்து புழுக்கம். மழை இல்லை.

பஸ் ஓடவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல். ரோடெல்லாம் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். விடியற்காலை டூட்டிக்கு வந்தவள், ரிஷிவந்தியம் வீட்டுக்குத் திரும்ப வழியில்லை. கள்ளக்குறிச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஓய்வறையில் நானும் ஜெயமேரி அக்காவும். அக்கா என்னைவிட மூத்த ஆபரேட்டர். அவருக்கும் வீடு வெளியூர்.

இணைப்புக் கொடுக்கும் போர்டில் ஓயாமல் போன் கால். காதில் விழுந்தவை:
"கரும்பு லோடு நடுரோட்ல நிக்குதுங்க."
"புள்ள வந்து சேந்துச்சா இல்லியா?"
"எங்கியோ சுட்டுட்டாங்களாமே, நெசமா?"

போன வாரம் ஆஸ்பத்திரித் தராசில் 74. ஆடியில் 78. டாக்டரம்மாவுக்கு சந்தோஷம். "மாசம் ரெண்டு கிலோ போதும்மா. அவசரப்பட்டா எறங்கினது திரும்ப ஏறிக்கும். பட்டினி மட்டும் கெடக்காத. மாசாமாசம் ஒழுங்கா தூரமாகி குளிக்க ஆரம்பிச்சாலே பாதி கெணறு தாண்டின மாதிரி."

மாமியாருக்குத்தான் போதவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. தைக்குள் உடம்பு இளைக்காவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பேன் என்று சொல்லியாகிவிட்டது. சொன்னபோது வீட்டுக்காரர் அங்கேதான் இருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார்.

வெள்ளி 18
புழுக்கம். கடைகள் அடைப்பு.

டாக்டரம்மா எழுதிக்கொடுத்தது: கேழ்வரகுக் கூழ், கீரை, முட்டை, மதியம் அளவாகச் சோறு. இங்கே கிடைப்பது: பன், வறுகடலை. வெளியே நடமாட வேண்டாம் என்று போலீஸ். வராந்தாவிலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

வாட்ச்மேன்: "இன்னாம்மா, ஜெயில்ல நடக்கற மாதிரி நடந்துகினு கீறீங்க?"

சிரிக்கத்தான் சொன்னார். சிரிப்பு வரவில்லை.

மதியம் வீட்டுக்காரர் பேசினார், ஊர் உரக்கடை போனிலிருந்து.
"சாப்டியா?"
"ம்."
"அம்மா கேக்குது. எவ்ளோ கொறைஞ்சிகீதுன்னு."
"நாலு கிலோ."
"அவ்ளோதானா?"

கடையில் யாரோ யூரியா கேட்டார்கள். போனை வைத்துவிட்டார். நாலு கிலோ அரிசியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வரட்டும், தெரியும்.

சனி 19
நல்ல வெயில். புரட்டாசி முதல் சனி.

விரதம் என்று அக்காவிடம் சொன்னேன். பெருமாளுக்காக இல்லை. ரோடு திறக்கும்வரை இப்படியே இருந்துவிட்டால், வீட்டுப் படி ஏறும்போது கன்னமாவது ஒட்டியிருக்கும். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறது. தையும் ஞாபகம் இருக்கிறது.

எலுமிச்சைத் தண்ணீர். மாலையில் ஒரு நம்பரை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். ஓய்வறைக்குள் காயப்போட்ட ஜாக்கெட் இன்னும் ஈரம்.

ஞாயிறு 20
மேகமூட்டம்.

காலையிலும் ஒன்றும் சாப்பிடவில்லை. தலை லேசாக, நன்றாகக்கூட இருந்தது. அப்போதுதான் கரியாலூரிலிருந்து கால். மலையில் இருக்கிற நர்ஸ். "பிரசவ கேசுங்க. கொழந்த குறுக்கால கீது. ஆஸ்பத்திரிக்கு குடுங்க, சீக்கிரம் குடுங்க." போர்டில் செருகுகிற வயர்க் கார்டை எடுத்தேன். போர்டின் ஓட்டைகள் எல்லாம் மிதந்தன. பிறகு தரை.

ஹெட்செட்டைக் கழற்றி அக்காதான் இணைப்புக் கொடுத்தாராம். அப்புறம் என் வாயில் சர்க்கரைத் தண்ணீர். அப்புறம் திட்டு.

"செத்துப்போனா வெயிட்டு ரொம்ப கம்மியாயிடும். அதான் வேணுமா ஒனக்கு? லைன்ல உசுரு போவுதுன்னு கத்திகினு கீறாங்க, நீ கீழ கெடக்கற."

அழுதேன். அழுதுகொண்டே ஒரு பன். பிறகு இன்னொன்று.

மாலை: ஜீப் மலைக்குப் போயிற்றாம். மறியல் ஆட்களே மரத்தைப் புரட்டி வழி விட்டார்களாம்.

திங்கள் 21
மழை.

கரியாலூர்ப் பெண்ணுக்கு ஆபரேஷன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் குழந்தை. செய்தி சொன்ன நர்சிடம் நான்தான் மயங்கியவள் என்று சொல்ல வாய் வரவில்லை.

வாட்ச்மேன் வீட்டிலிருந்து கூழும் முருங்கைக்கீரையும். அளவாக, உட்கார்ந்து, மென்று சாப்பிட்டேன். போர்டில் எந்த நம்பரும் தப்பவில்லை. ரோடு எப்போது திறக்கும், யாருக்கும் தெரியவில்லை. திறந்தால் எங்கே போகப் போகிறேன் என்று நினைத்ததும், திறக்காமலே இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு.

செவ்வாய் 22
தூறல்.

ரிஷிவந்தியம் உரக்கடைக்காரர் சங்கராபுரத்துக்கு ஒரு கால் கேட்டார். கொடுத்தேன். லைன் சரியாக விழுந்ததா என்று காது கொடுத்தேன். மாமியார் குரல். பஸ் இருந்திருந்தால் நேரிலேயே போயிருப்பார்.

"வழி தொறந்ததும் வந்து பூ வெச்சிட்றோங்க. தை வரிக்கும் இன்னாத்துக்கு?"

சங்கராபுரத்து ஆள்: "மொத சம்சாரம் கீறாங்களே?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். கவர்மெண்ட்டு சம்பளம் வருதில்ல. ஒடம்பு கொறைக்கிறேன்னு ஏமாத்திகினு கீது."

"மாப்ள இன்னா சொல்றாரு?"

"தோ, பக்கத்துலதான் கீறான். பேசுடா."

"வணக்கங்க மாமா" என்றார் என் வீட்டுக்காரர்.

கார்டைப் பிடுங்கியிருக்கலாம். கை அதன் மேலேயே இருந்தது. பிடுங்கவில்லை. நேரம் ஆனதும், எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டேன்.

"ரிஷிவந்தியம், மூணு நிமிஷம் ஆச்சிங்க. நீட்டிக்கணுங்களா?"

போன் இன்னும் வீட்டுக்காரர் கையில்தான். என் குரல் அவருக்குத் தெரியாதா?

"வேணாம்" என்றார்.

புதன் 23
வெயில். ரோடு திறந்துவிட்டது.

ஜெயமேரி அக்கா: "ரிஷிவந்தியம் பஸ் எடுக்கறாங்களாம். போவலியா?"

ஆஸ்பத்திரிக்குப் போனேன். 73. டாக்டரம்மா முகம் சுருங்கிற்று. "பட்டினி கெடந்தியா? இப்ப எறங்கினதுல பாதி வெறும் தண்ணிதான், திரும்ப ஏறும். பயந்துக்காத, பழைய வேகத்துக்கே போ." சரி என்றேன். இனி தையும் இல்லை, அவசரமும் இல்லை.

இங்கேயே கருணாபுரம் பக்கம் வாடகைக்கு ஒரு அறை இருக்கிறதாம். சாயங்காலம் பார்க்கப் போகிறேன். நடந்தே.