ஏரிப் பனியும் பத்து மணியும்

குட்மேய்ஸ், லண்டன்
21.12.2009

அன்பு மகள் கோசிகாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், உன் அண்ணன் துஷாந்தனும் புது மருமகள் றொஷானியும் எங்களைவிடச் சுகம், அங்கே நீயும் உன்னுடைய ஏரியும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். ஏரியையும் சேர்த்து வேண்டுவதற்குக் காரணம் உண்டு, அதற்குக் கொஞ்சம் குணம் மாறினால் பாதிக் கனடாவை வீட்டுக்குள் பூட்டிவிடும் என்பதை இந்த மாதம் கண்டுகொண்டோம். இதைத் தொலைபேசியில் சொல்லக் கூடாதா என்று நினைப்பாய். நீ எடுத்தால் என்னோடு ஐந்து நிமிடம் பேசிவிட்டு "சரி அம்மா, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்கிறாய், அப்பாவிடம் கொடுக்கவா என்று கேட்டால் அந்த ஷிப்ட் இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. கலியாணத்துக்கு வரமுடியாமல் நீ நடுவழியில் மாட்டிய நாளிலிருந்து அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை, இன்றோடு பதினொரு நாள். அதைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது, ஆனால் எனக்குச் சுற்றி வளைத்துத்தான் வரத் தெரியும், பொறுத்துக்கொண்டு வாசி.

முதலில் லண்டன் செய்தி. வெள்ளிக்கிழமை இங்கேயும் பனி கொட்டியது. கொட்டியது என்பது தொலைக்காட்சிக்காரரின் சொல், எங்கள் வாசலில் விழுந்தது புட்டுக்குத் தூவிய தேங்காய்ப்பூ அளவுதான். அதற்கே ரெயில் பிந்தியது, பள்ளிக்கூடம் பூட்டியது, உப்புப் போடுகிற லொறி எங்கள் தெரு இருப்பதையே மறந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சண்முகராசா அண்ணை சமையல் உப்பைக் கொண்டுவந்து தன் படியில் தூவிவிட்டு, கவுன்சில் எதற்கு இருக்கிறது என்று என்னிடம் ஒரு மணித்தியாலம் விசாரணை வைத்தார், நான்தான் கவுன்சில் என்பதுபோல. பெப்ரவரியில் இங்கே பஸ் எல்லாம் ஒரேயடியாக நின்றபோது நீ அங்கிருந்து சிரித்தாய், "உந்தப் பனிக்கு நாங்கள் சப்பாத்தும் மாத்தமாட்டம்" என்று. பெரிய கதை கதைத்தால் ஏரிக்கும் காது கேட்கும் போலிருக்கிறது.

இனி அப்பாவின் கதை. பெற்றோல் ஸ்டேசனில் பதினெட்டு வருடம் கல்லாவில் இருந்துவிட்டு ஓய்வெடுத்த மனிதர், திடீரென்று வானிலை விஞ்ஞானி ஆகிவிட்டார். நீ வெளிக்கிட இருந்த வியாழனுக்கு நான்கு நாள் முன்னரே கம்ப்யூட்டருக்கு முன்னால் குந்தியவர் சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழும்பினார். பலகாரம் சுட ஆளில்லை, மணவறைக்காரனுக்குப் போன் எடுக்க ஆளில்லை, மாப்பிள்ளையின் தகப்பன் ஹூரோன் ஏரித் தண்ணீர் எத்தனை பாகை சூடு என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார். நான் புட்டு அவித்துக்கொண்டு நிற்க, வந்து பானையைக் காட்டி விளக்கம் வேறு. இந்தத் தண்ணீர்தான் ஏரியாம், மேலால் போகிற கடுங்குளிர்க் காற்று இந்த ஆவியை அள்ளிக்கொண்டு போய்க் கரை கடந்ததும் பனியாகக் கொட்டுமாம், அதுவும் ஊர் முழுக்க இல்லையாம், நாடா மாதிரி ஒடுக்கமாகத்தானாம், இந்தத் தெருவில் வெயில் எறிக்க அடுத்த தெருவில் கை நீட்டினால் கை தெரியாதாம். புட்டுப் பிந்திவிட்டது, விஞ்ஞானம் பிந்தவில்லை. பச்சையும் சிவப்புமாகப் படங்களை அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டி முழுக்க ஒட்டினார், கலியாணப் பத்திரிகைக்குக் கீழே ஒரு மூலைதான் கிடைத்தது.

புதன்கிழமை அவருடைய தீர்ப்பு வெளியானது. பனி நாடா அடுத்த நாள் காலை பத்தரை மணியளவில் பாரி நகரத்துக்குத் தெற்கே, நீ எயார்போட்டுக்குப் போகிற பெருந்தெருவுக்குக் குறுக்கே விழும், எட்டரைக்கு நீ வெளிக்கிட்டால் அதற்கு முன்னால் ஓடிவிடலாம், பிளேன் இரவு ஒன்பதுக்கு என்றாலும் பரவாயில்லை, எயார்போட்டில் குந்தியிருக்கட்டும். ஆனால் வியாழன் உங்கள் நேரம் எட்டு மணிக்கு உனக்குப் போன் எடுத்தவர் சொன்னது வேறு. "பத்து மணிக்குப் பிறகு வெளிக்கிடு பிள்ளை, காணும்" என்றார். நீ நம்பி நின்றாய். பத்தேகாலுக்குக் காரை எடுத்தாய், பத்தேமுக்காலுக்கு முன்னால் போன லொறியின் பின்லைற்றே உனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு பின்னேரம் ஏழு மணிவரை காருக்குள் இருந்தாய். நான் கால்மணிக்கொரு தரம் எடுத்து எடுத்தே உன் போன் பற்றரியையும் முடித்துவைத்தேன், பிறகு பற்றரி இல்லை என்று நான்தான் குளறி அழுதேன். பொலிஸ் உன்னைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பியது, வெள்ளிக்கிழமையும் பாதை திறக்கவில்லை, சனிக்கிழமை காலை உன் ஒரேயொரு அண்ணன் தாலி கட்டினான். மாப்பிள்ளைத் தோழியாக உன் இடத்தில், சொந்தத்துக்குள் என்று, நாகேஸ்வரியின் மகள் நின்றாள், நன்றாகத்தான் நின்றாள், கைப்போனைப் பார்க்காத நேரங்களில். நாகேஸ்வரி லண்டனின் மற்றக் கரையில் மிச்சம் என்கிற இடத்திலிருந்து வந்ததே இதைக் கேட்கத்தான் போலிருக்கிறது, "கனடாவில பனி எண்டது சொல்லாமக் கொள்ளாம வாற சாமானோ?" என்று மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள். அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் படத்தைப் பிழையாப் பாத்திட்டன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், சண்முகராசா அண்ணை ஏரி விஞ்ஞானி என்று பட்டமும் கொடுத்தார். நானும் சிரித்தேன், பாயசம் வரும்வரை சிரித்தேன்.

சரி, இனிச் சுற்ற இடமில்லை. பத்து மணி என்று சொல்லச் சொன்னது நான். எங்கள் குசினிக் கலண்டரில் வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று வரை ராகுகாலம் என்று போட்டிருக்கிறது. உனக்கு எட்டரை என்றால் இங்கே ஒன்றரை, பத்து என்றால் மூன்று, நான் குசினிச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். "கலியாணத்துக்கு வாற பிள்ளையை ராகுகாலத்தில படி இறக்கப்போறியளோ" என்று அப்பாவோடு சண்டை பிடித்தேன். அவர் படத்தைக் காட்டினார், நான் படத்தைப் பார்க்கவேயில்லை. நான் சொன்னால் நீ சிரிப்பாய், ஆகவே காரணம் சொல்லாமல் நீங்களே சொல்லுங்கள் என்று போனை அவர் கையில் திணித்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நான் சொன்னபடியே உனக்குச் சொன்னார்.

போன செவ்வாய் றொஷானியிடம் பெருமையாகச் சொன்னேன், என்ன நடந்தாலும் ராகுகாலத்தில் என் பிள்ளையை வெளியில் விடவில்லை என்று. அந்தப் பிள்ளை யோசித்துவிட்டு, "மாமி, அது அந்தந்த ஊர் நேரத்துக்கெல்லே பாக்கவேணும்? அங்க அப்ப காலமை தானே?" என்று கேட்டாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். உன் ஊரில் ராகுகாலம் மத்தியானம் ஒன்றரைக்குத்தான், அதில் ஒரு நிமிடமும் தவறவிடாமல் பெருந்தெருவில் பனிக்குள் இருந்து அனுபவித்தாய். எட்டரைக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் ஏரி கோணல் என்றேன், அப்பா கோணல் என்றேன்.

அப்பாவைக் கேட்டேன், உங்களுக்கு இது தெரியுமோ என்று. "ஓம், பிள்ளை மாட்டினாப் பிறகு விளங்கினது" என்றார். பிறகேன் கோசிகாவிடம் சொல்லவில்லை என்றேன். "ஒருத்தரோட கோவிச்சாக் காணும். ரெண்டு பேரோடயும் கோவிச்சா அவள் அங்க தனிய இருந்து ஆரோட கதைக்கிறது?" என்றுவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது மகள், இப்போது எழுதும்போதும் இருக்கிறது. கலியாணத்தில் குடும்பப் படமும் எடுக்கவில்லை, படக்காரன் வரிசையில் நிற்கக் கூப்பிட்டபோது "மகள் வரட்டும்" என்று அப்பா அனுப்பிவிட்டார். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த படங்களையெல்லாம் கழற்றிவிட்டார், ஆனால் காலையில் எழும்பியதும் கம்ப்யூட்டரில் உன் ஊரைத்தான் திறக்கிறார். நேற்று "அங்க வெயிலாம்" என்றார், ஒருவரும் கேட்காமலே.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. காருக்குள் கம்பளியும் தண்ணீரும் போன் சார்ஜரும் எப்போதும் வை, தலையில் தொப்பி இல்லாமல் திரியாதே. நல்லூரான் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும், நீ நீடூழி வாழவேண்டும். கடிதம் கிடைத்ததும் அப்பாவுக்குப் போன் எடு, எனக்கில்லை, அவருக்கு. எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று மட்டும் என்னைக் கேட்காதே.

உன் அன்பு அம்மா,
சிவனேஸ்வரி பத்மநாதன்