சூடு காட்டும் முள்

கச்சிராயபாளையம்,
7-10-1990, ஞாயிறு.

அன்பு மகள் தங்கமணிக்கு உன் அப்பா அம்மாசி எழுதுவது. இந்தக் கரையில் நானும் உன் தம்பி வெங்கடேசனும் நல்லபடியாக இருக்கிறோம், கடலுக்கு அந்தப் பக்கம் போர்ட் பிளேயரில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். உறையைப் பிரித்ததும் இது யார் எழுத்து என்று திகைத்திருப்பாய். கோழி கிளறியதுபோல் இருந்தாலும் இது என் எழுத்துதான் அம்மா. இத்தனை வருடம் உனக்கு வந்த கடிதமெல்லாம் தையல்கடை சின்னப்பன் எழுதியது, நான் நாலு வார்த்தை சொன்னால் அவர் அதை நாற்பதாக்கி அலங்காரம் செய்துவிடுவார். இந்தக் கடிதத்தை அவரிடம் சொல்லி எழுத முடியாது. நாலு நாளாக விடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன், ஒரு பக்கம் முடிவதற்குள் நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்ததைவிட விரல் அதிகமாக வலிக்கிறது. ஆனாலும் அறுபத்து மூன்று வயதில் நடுவில் யாரும் இல்லாமல் பெற்ற மகளோடு பேசுகிறேன் என்று நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி மனைவி விஜயலட்சுமிக்கு ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது, கார்டு போட்டிருந்தோம், நீ பதில் போடவில்லை, ஏன் என்று எனக்குத் தெரியும், அதற்குத்தான் வருகிறேன். தாயும் பிள்ளையும் சங்கராபுரத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறார்கள். சிவப்புப் பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. மழை சுமார்தான், மலையில் நல்ல மழை, கோமுகி அணைக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளையைக் கடல்காற்றில் வெறும் மார்போடு படுக்க வேண்டாம் என்று சொல், சளி நெஞ்சில் தங்கினால் லேசில் போகாது. நான் எழுதப் படித்த கதையைக் கேள். வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துக்கு ஜெஸி டீச்சர் என்று ஒரு பெண் மாற்றலாகி வந்திருக்கிறார், தினமும் நம் ஜீப்பில்தான் மலையேறுவார், முன்சீட்டு அவருக்கு. ஆள் சேரும்வரை கச்சிராயபாளையத்தில் அரைமணி முக்கால்மணி நிற்போம் அல்லவா, ஒரு நாள் பயணச்சீட்டுப் புத்தகத்தை நான் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டார். இன்னாங்க ஐயா, இவ்ளோ பேரை மலைமேல ஏத்திக்கினு போறீங்க, அஆ தெரியாதா என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து தினம் ஓர் எழுத்தை அட்டையில் பெரிதாக எழுதி, கண்ணாடிக்கு மேலே வெயிலுக்கு மறைப்பாகத் தொங்கும் தகட்டில் செருகிவைத்துவிடுவார். மலையேறி இறங்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும், மறுநாள் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். சிலேட்டு கதவுப் பையில் இருக்கும். பழைய அட்டைகள் எல்லாம் சீட்டுக்கு அடியில் ஸ்பேனர் பெட்டியோடு கிடக்கும். பதினாலு மாதத்தில் தமிழ் முடிந்தது. இத்தனை காலம் நிறத்தைப் பார்த்துத்தான் எந்த பஸ் எங்கே போகிறது என்று சொல்வேன், இப்போது கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டுப் படிக்கிறேன், ஜனங்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். பேப்பர் கடையில் தொங்கும் தாளில் இட ஒதுக்கீடு என்று பெரிதாகப் போட்டிருக்கிறான், டெல்லிப் பக்கம் இப்போது அதற்குச் சண்டையாம். அந்த வார்த்தையை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்ததும் மேலே படிக்காமல் வந்துவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன் நம் ஊரில் அதற்காக மறியல் நடந்த அந்த வாரத்தில்தானே உன் அம்மா போனாள்.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட அனுப்பு. உன் அம்மா எப்படி இறந்தாள் என்று சின்னப்பன் கையால் உனக்கு எழுதியதில் பாதிதான் உண்மை. கரும்புக் கொல்லை வரப்பில் புல் அறுக்கும்போது நல்ல பாம்பு கடித்தது உண்மை. கள்ளக்குறிச்சி ரோட்டில் மரம் வெட்டிப் போட்டிருந்தது உண்மை. அந்தப் புளியமரத்தை வெட்டிய பையன்களில் உன் தம்பியும் ஒருவன், அதுவும் உண்மை. அம்மா போன ஆறாம் மாதம் நீ கப்பல் ஏறி வந்தபோது கூடத்தில் நின்றுகொண்டு, நீ வெட்டின மரந்தான்டா அம்மாவைக் கொன்னுச்சு, இனிமே எனக்குத் தம்பி இல்ல என்று அவனிடம் சொன்னாய். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதனால் உன்னைத் தடுக்கவில்லை.

போன வாரம் ஆயுத பூசை. ஜீப்பை நான் கழுவினாலும் டேஷ்போர்டு பெட்டியை மட்டும் இந்த மூன்று வருடமாக என்னைத் தொடவிடமாட்டான் உன் தம்பி, விடுப்பா அது நான் பாத்துக்கறேன் என்பான். முன்னால் இருக்கும் மீட்டர்களுக்குப் பொட்டு வைக்கவும் விடமாட்டான், ஸ்டியரிங்குக்கும் பானட்டுக்கும் வைத்தால் போதும் என்பான். அம்மா கையால் பொட்டு வைத்த இடம், அவள் இல்லாத துக்கத்தில் சொல்கிறான் என்று நானும் விட்டுவிட்டேன். இந்த முறை பூசைக்கு முன்தினம் குழந்தையைப் பார்க்கச் சங்கராபுரம் போனவன் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு அங்கேயே தங்கிவிட்டான். நான் காலையில் பெட்டியைத் திறந்தேன். திறந்தது சுத்தம் செய்யக்கூட இல்லை அம்மா, உண்மையைச் சொல்கிறேன், உள்ளே எழுத்து இருக்கும் காகிதம் ஏதாவது கிடைத்தால் படித்துப் பார்க்கலாம் என்ற ஆசை. வரி கட்டிய சீட்டு படித்தேன். தீப்பெட்டி மேல் இருந்ததைப் படித்தேன். உன் அம்மாவின் மூக்குப்பொடி டப்பா ஒன்று காலியாகக் கிடந்தது, அதையும் படித்தேன். எல்லாவற்றுக்கும் அடியில், ஆர்.சி. புத்தகத்தின் அட்டைக்குள், நாலாக மடித்து ஒரு காகிதம். பட்டறைச் சீட்டு. அந்த நாளுக்குப் பிறகு ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள் அல்லவா, அந்தப் பட்டறையில் மெக்கானிக் பென்சிலால் எழுதிக்கொடுத்தது. அடியில் வண்டியைப் பெற்றுக்கொண்டவன் கையெழுத்து, வெங்கடேசன் என்று.

நான் எழுத்துக்கூட்டிப் படித்ததை அப்படியே எழுதுகிறேன். ரேடியேட்டர் கீழ் ஓஸ் குழாய் கல்லடித்துக் கிழிந்திருந்தது. தண்ணீர் சொட்டு இல்லை. அதோடு ஓட்டியதால் சூடேறி எஞ்சின் இறுகிப் பிடித்துவிட்டது. டெம்பரேச்சர் மீட்டர் சரிபார்த்தது, பழுது இல்லை. மீட்டர் கண்ணாடி மேல் முள்ளை மறைத்துக் காய்ந்திருந்த சந்தனம் சுரண்டி எடுத்தது. அவ்வளவுதான். ஐந்து வரி. படிக்க எனக்கு எவ்வளவு நேரமானது என்று தெரியவில்லை, முடிக்கும்போது வெயில் ஜீப்புக்குள் வந்திருந்தது.

உன் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த ஐந்து மீட்டருக்கும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைப்பாள், உனக்கு நினைவிருக்கும். வைத்ததைத் துடைக்கக்கூடாது என்று பழைய பொட்டின் மேலேயே புதுப்பொட்டு. வண்டி வாங்கின புதிதில், கண்ண மறைக்குதாங்க, தள்ளி வெக்கட்டுமா என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, எனக்கு இன்னாத்துக்குடி அந்த முள்ளு, டீசலைக் குச்சி வுட்டுப் பாப்பேன், சூட்டை மூக்குல கண்டுக்குவேன், நீ நல்லாப் பெருசாவே வை என்றேன். படிக்காத டிரைவருக்கு அது ஒரு பெருமை. மெக்கானிக் இரண்டு முறை சொன்னான், பெருசு அந்த முள்ளைப் பாத்து ஓட்டு என்று, நான் சிரித்தேன். உன் அம்மாவை ஆசுபத்திரிக்கு ஏற்றிப்போன அன்றைக்கு மரம் கிடந்ததால் வாய்க்கால் கரையில் இறக்கி ஓட்டினேன், ஒரு மதகைத் தாண்டும்போது அடியில் கல் தட்டியது, நிற்கவில்லை. அதற்குப் பிறகும் வண்டி நன்றாகத்தான் ஓடியது, நேரமும் இருந்தது, அவள் நினைவு தப்பாமல் பேசிக்கொண்டுதான் வந்தாள். பின்சீட்டில் படுத்துக்கொண்டு, இன்னாங்க ஏதோ கருகுதுங்க என்றாள். எனக்கும் வாடை அடித்தது. ரோட்டில் அன்று எங்கே பார்த்தாலும் டயர் கொளுத்தியிருந்தார்கள், அந்தப் புகை என்று நினைத்து, டயர் எரிக்கிறானுங்க நீ பேசாம படு என்றேன். அவள் எனக்குச் சொன்னாள் தங்கமணி. முள்ளும் சொல்லியிருக்கும். இரண்டின் வாயையும் நான்தான் மூடினேன். அவள் கடைசியாகத் தெளிவாகப் பேசிய வார்த்தை அதுதான், அதற்குப் பிறகு நாக்குக் குழறிவிட்டது, இமை தூக்க முடியவில்லை. கள்ளக்குறிச்சிக்கு மூன்று மைல் இருக்கும்போது எஞ்சின் நின்றது. பிறகு நடந்தது உனக்குத் தெரியும், கயிற்றுக்கட்டிலில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தூக்கியவர்கள் யார் என்று சின்னப்பன் எழுதவில்லை, நான் சொல்லவில்லை. ரோட்டை மறித்த பையன்கள்தான். கேள்விப்பட்டுக் கொல்லை வழியாக ஓடிவந்து கட்டிலின் முன்காலைத் தோளில் வாங்கியவன் உன் தம்பி, ஆசுபத்திரிவரை தோள் மாற்றவில்லை. டாக்டரம்மா, அரைமணி முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம் என்றார். அந்த அரைமணி மரத்தில் போகவில்லை. என்னிடத்தில் போனது.

அன்று மதியம் அவன் வந்ததும் சீட்டைக் காட்டினேன். எவன் படிச்சுக் காட்டினான் என்று கேட்டான். நானே படிச்சேன்டா என்றேன். நான் எழுதப் படித்ததில் இந்த வீட்டில் என்னைவிட அதிகம் குதித்தவன் அவன்தான், நோட்டும் பேனாவும் வாங்கிக்கொடுத்தவனும் அவன், இந்தச் சீட்டு உள்ளே இருப்பதை நினைக்காமல் இருந்திருப்பானா, ஆனாலும் படிக்காதே என்று ஒரு நாள் சொல்லவில்லை. ஏன்டா கிழிச்சுப் போடல என்று கேட்டேன். அம்மா பத்தின காயிதம், கை வரலப்பா என்றான். அக்கா அவ்ளோ பேசினாளே, அப்பக்கூட ஏன்டா சொல்லல என்றேன். மாட்டைப் பார்த்துக்கொண்டே, சொன்னா நீ வண்டிய வுட்டுட்டு வூட்டுல குந்திக்கினு செத்துப்போயிருப்ப, அக்கா என்னைப் பேசினா நான் தாங்கிக்குவேன், உன்னைப் பேசினா நீ தாங்கமாட்ட, மரத்தை வெட்டினதும் நெசந்தானே, பாதி பாவம் எனுதுதான்னு எடுத்துக்கினேன் என்றான். இரண்டு பேரும் ஜீப்பின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு அழுதோம். உனக்கு எழுதப்போகிறேன் என்றேன், வேணாம்பா வேணாம்பா என்றான். இது அவனுக்குத் தெரியாமல் எழுதுவது இல்லை, அவன் தடுத்தும் எழுதுவது.

மூன்று நாள் வண்டியை எடுக்கவில்லை. நாலாம் நாள் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார், மலையில் பிள்ளைகள் காத்திருக்கும் என்றார். நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், அந்த ஐந்து மீட்டரிலும் இருக்கும் இங்கிலீஷ் எழுத்து என்ன என்று. சொல்லிக்கொடுத்தார். சூட்டு மீட்டரில் ஒரு பக்கம் அரைவட்டம் மாதிரி ஓர் எழுத்து, மறுபக்கம் ஏணி மாதிரி ஓர் எழுத்து, முள் ஏணிப் பக்கம் ஏறினால் நிறுத்திவிட வேண்டும். மெக்கானிக் சுரண்டிய இடத்தில் கண்ணாடியில் பொட்டளவு வட்டமாகக் கீறல் இருக்கிறது, அதன் வழியாகத்தான் முள்ளைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் உன் அம்மாவின் விரலைத் தாண்டித்தான் பார்க்கிறேன். இன்னா பெருசு, ரோட்டப் பாக்கறியா மீட்டரப் பாக்கறியா என்று மலைக்காரர்கள் கேலி செய்கிறார்கள். இரண்டையும் பார்க்கிறேன் என்கிறேன்.

அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், நீயே படித்துப் பார், நான் சொன்னதில் கூடுதல் குறைவு இருக்கக்கூடாது. படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு, அது பெட்டியில் இருக்க வேண்டியது. திட்ட வேண்டியதை என்னைத் திட்டு, தாங்கிக்கொள்வேன், தாங்கமாட்டேன் என்று உன் தம்பி நினைத்தது தப்பு. குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அத்தை மடியில் வைத்துத்தான் பெயர் சொல்ல வேண்டும், அக்கா வராமல் வைக்கமாட்டேன் என்று அவன் பிடிவாதமாக இருக்கிறான், பாப்பா பாப்பா என்றே கூப்பிடுகிறார்கள். ஆண்டாள் என்று உன் அம்மா பெயரை வைக்க அவனுக்கு ஆசை, ஆனால் அதை நீ சொல்ல வேண்டுமாம். கார்த்திகையில் நல்ல நாள் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் விடுப்புக் கேட்டுக் கப்பலுக்குச் சொல்லிவை. மதராசுக்கு உன் தம்பி வந்து அழைத்துக்கொள்வான்.

பேரப்பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், நோய்நொடி அண்டாமல் நீயும் மாப்பிள்ளையும் பல்லாண்டு வாழ வேண்டும், என் ஆசீர்வாதம் என்றைக்கும் உங்களுக்கு உண்டு. ஒன்றை மறந்துவிடாதே. பதிலை எனக்குப் போடாதே, வெங்கடேசன் பெயருக்குப் போடு. என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இப்போது எனக்குப் படிக்கத் தெரியும் என்று பயப்படாதே, உறையைப் பிரிக்காமல் அவன் கையில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
அம்மாசி