தம்பி வாசித்த சங்கீதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று காலை என் மகள் கொல்லைப்புறச் சுவரிலிருந்து ஒரு கை மஷித்தண்டுச் செடி பிடுங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் மழையில் சுவர் முழுக்க முளைத்துக் கிடக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தண்டை ஒடித்து, அதன் நீரைச் சிலேட்டில் தேய்த்துத் துடைத்தாள். நானும் தம்பியும் சிலேட்டுத் துடைத்த நாளின் அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் அடுப்பில் பால் வைத்திருந்தது எனக்கு மறந்தே போயிற்று. பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிக் காட்டியிருப்பீர்கள்.

நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு காரியத்தைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்று தெரியும். அதனால்தான் தள்ளிப் போட்டேன். இன்று பால் பொங்கிய கையோடு உட்கார்ந்துவிட்டேன்.

கல்லாற்று வீட்டில் நமக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அப்பா மேலே துரையின் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர். கீழே ஆற்றங்கரையில் நம் வீடு. பக்கத்துப் பள்ளிக்கூடம் என்று சொல்லப்பட்டது மூன்று மணி நேர நடை, அதிலும் பாதி காட்டுக்குள்ளே. நீங்களோ நாகர்கோவிலில் மிஷன் போர்டிங்கில் படித்து, அங்கேயே ஒரு வருஷம் சின்ன வகுப்புக்குப் பாடம் எடுத்தவர். கல்யாணமாகி அட்டைக் கடியும் மழையுமான இடத்துக்கு வந்த பிறகும் அந்த ஒரு வருஷத்தைக் கைவிட உங்களுக்கு மனம் வரவில்லை. எனக்கும் தம்பிக்கும் நீங்களே பள்ளிக்கூடம் ஆனீர்கள்.

அதற்கு நீங்கள் வைத்திருந்த சட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. காலைக் கஞ்சி முடிந்ததும் அடுக்களைக் கதவைச் சாத்துவீர்கள். பின்வாசல் வழியாக வெளியே போய், பலா மரத்தைச் சுற்றி, முன்வாசல் வழியாக உள்ளே வருவீர்கள். பின்வாசலில் இறங்கியது அம்மா, முன்வாசலில் ஏறியது டீச்சர். நாங்கள் எழுந்து நின்று "தோத்திரம் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் நான் மறந்துபோய் "அம்மா, வயித்த வலிக்கு" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் முகத்தைக் கொஞ்சமும் மாற்றவில்லை.

"பாட நேரத்துல அம்மா அடுக்களையிலயாக்கும். டீச்சர்கிட்ட சொல்லுகது போல சொல்லு."

"டீச்சர், வயித்த வலிக்கு."

"செரி. போய்ப் படுத்துக்கோ."

அதன் பிறகு முன்வாசலில் இறங்கி, பலா மரத்தைச் சுற்றிப் பின்வாசலில் ஏறி, அம்மாவாக ஓமத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அந்த ஓமத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் எனக்கு வலி பாதி போய்விட்டிருந்தது.

முன்கதவின் உட்புறத்தில் வாரம் முழுவதையும் சாக்குக் கட்டியால் எழுதி வைத்திருப்பீர்கள். எந்த நாள் எந்தப் பாடம், எந்த அதிகாரம், எந்த வசனம், எல்லாம் அதில் இருக்கும். புதன்கிழமை சித்திக்குக் கடிதம் எழுத வேண்டும். சித்தி பதில் போட்டாலும் போடாவிட்டாலும் எழுத வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் ஒப்புவிப்பு. அப்பா தோட்டத்திலிருந்து இறங்கி வந்து நாற்காலியில் உட்கார, வாரம் முழுக்கப் படித்ததை நாங்கள் நின்று சொல்ல வேண்டும். மூன்றாவது வசனத்தில் அப்பா தூங்கிவிடுவார். அவர் தூங்கினாலும் நிறுத்தக்கூடாது, கர்த்தர் விழித்திருக்கிறார் என்று சொல்வீர்கள்.

திங்களும் வியாழனும் வாசிப்பு. வீட்டில் வேதப்புத்தகம் ஒன்றுதான், அதுவும் பொடி எழுத்து. பாயில் நீங்கள் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, என்னை நடுவில் வைத்து, முதலில் ஒரு தரம் வாசிப்பீர்கள். அடுத்து நான், கடைசியில் தம்பி. ஒரு நாளும் அந்த வரிசை மாறியதில்லை. பெரியவள் முதலில் வாசித்தால் சின்னவனுக்கு நாக்குத் திருந்தும் என்பது உங்கள் கணக்கு. தம்பிக்குச் செவி நல்ல செவி. இரண்டு தரம் கேட்டதை மூன்றாம் தரம் அவன் அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவான். அது அவன் கெட்டிக்காரத்தனம் என்று எல்லோரும் நினைத்தோம்.

அப்போது எனக்குப் பதினொன்று, அவனுக்கு எட்டு. வருகிற ஜூன் மாதம் எங்கள் இருவரையும் நாகர்கோவிலுக்கு அனுப்புவதாக நீங்கள் சொல்லியிருந்தீர்கள். நான் பெண்கள் போர்டிங்கில், அவன் பையன்கள் போர்டிங்கில். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் போகணும், ஒத்தையில ஒருத்தரையும் விட மாட்டேன்" என்பது உங்கள் முடிவு. அதற்கு முன் தம்பி ஒரு முழு அதிகாரத்தைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும். என் பெயரின் முதல் எழுத்தைப் பெயிண்டால் எழுதிய தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் வந்துவிட்டது. அதை இழுத்து இழுத்துத் திறந்து பார்ப்பதுதான் எனக்கு வேலை. காட்டையும் மழையையும் விட்டு, கூட்டம் கூட்டமாகப் பெண்பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குப் போக நான் துடித்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். நீங்கள் வீட்டுக்குப் பின்னால் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தீர்கள். நானும் தம்பியும் புத்தகத்தோடு ஆற்றுப் பாறையில் இருந்தோம். மறுநாளைக்கான அதிகாரத்தை வாசித்துப் பார் என்று அவனிடம் கொடுத்தேன். அவன் புத்தகத்தை மூக்கு வரைக்கும் கொண்டுபோனான். பிறகு அந்தப் பக்கம் திருப்பினான், இந்தப் பக்கம் திருப்பினான்.

"அக்கா, எழுத்தெல்லாம் கலங்கிப் போச்சு. நடுவுல மட்டும் கொஞ்சம் தெரியுது. ஓரத்துல இருட்டா இருக்கு."

"எப்போ முதல்?"

"தெரியாது. கொஞ்ச நாளாட்டு. அம்மாகிட்ட சொல்லுவோமா?"

அவன் கேட்டான், அம்மா. சொல்வோமா என்று அவன்தான் கேட்டான். நான் சொன்ன பதிலை அட்சரம் மாறாமல் எழுதுகிறேன்.

"சொல்லாத லே. சொன்னா ரெண்டு பேருக்கும் போர்டிங் கிடையாது. போகப் போக செரியாயிரும்."

அன்றிலிருந்து நான் அவனுக்குக் கண்ணானேன் என்று சொன்னால் அது அழகாக இருக்கும். உண்மையில் நான் செய்தது திருட்டு. கதவில் நீங்கள் எழுதி வைத்த அதிகாரத்தைப் பார்த்து, முந்தின நாளே பாறையில் வைத்து அவனுக்கு வாசித்துக் காட்டுவேன். மறுநாள் நீங்கள் வாசிப்பீர்கள், நான் வாசிப்பேன், அவன் முறை வரும்போது நாலாம் தரம். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் என் முழங்காலால் அவன் முழங்காலைத் தொடுவேன். அவன் விரல் வரியின் மேல் ஒழுங்காக நகரும். நீங்கள் அப்பாவிடம், "கொள்ளாம், பய இப்போ தடுக்காம வாசிக்கான்" என்று சொல்வதைக் கேட்டு நாங்கள் இருவரும் பாயைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அவன் நிலைக்கதவில் இடித்துக்கொண்டபோது "ஆகாசத்தப் பாத்து நடக்கான்" என்று கேலி செய்தீர்கள். சிலேட்டில் அவன் எழுத்து மலை ஏறியபோது கோழி கிளறினது போல இருக்கிறது என்றீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். சிரித்தால் உங்களுக்குச் சந்தேகம் வராது என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. தம்பியும் சிரித்தான்.

மே மாதம் போதகர் ஐயா தோட்டத்துக் குடும்பங்களுக்கு இராப்போஜன ஆராதனை நடத்த வந்தார். போர்டிங்குக்குச் சிபாரிசுக் கடிதமும் அவர்தான் தர வேண்டும். நீங்கள் வெள்ளைச் சேலை கட்டி, அவர் முன்னால் எங்களை நிறுத்தினீர்கள். பையன் நன்றாக வாசிப்பான் என்று நீங்கள் சொன்னதும் அவர் வேதப்புத்தகத்தை எடுத்து, சங்கீதங்கள் உள்ள பக்கங்களில் ஏதோ ஒரு இடத்தில் திறந்து, அவன் கையில் கொடுத்தார்.

"வாசி மோனே. ஒரு சங்கீதம் கேக்கட்டும்."

என் முழங்கால் எட்டாத தூரத்தில் அவன் நின்றான். விரலைப் புத்தகத்தில் வைத்து, தெளிவான குரலில் ஒரு சங்கீதத்தைத் தொடங்கினான். ஒரு சொல் தவறவில்லை. போதகர் ஐயா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள்தான் அவன் தோளுக்கு மேலாகப் புத்தகத்தை எட்டிப் பார்த்தீர்கள். அவர் திறந்து கொடுத்தது ஒரு புலம்பல் சங்கீதம். அவன் வாசித்துக்கொண்டிருந்தது துதி.

உங்கள் முகம் சிவந்தது. "வேதத்தக் கையில வச்சிட்டு பொய்யா சொல்லுக?" என்று கேட்டு, அதுவரை எங்களை அடிக்காத கையை ஓங்கி அவன் கன்னத்தில் அடித்தீர்கள்.

பக்கவாட்டிலிருந்து கை வந்தது அவனுக்குத் தெரியவில்லை, அம்மா. அவன் தலையைச் சாய்க்கவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. அடி விழுந்த பிறகுதான் திடுக்கிட்டான். நீங்கள் அப்படியே நின்றீர்கள். மறுபடி கையைத் தூக்கி, இந்தத் தடவை மெதுவாக, அவன் காதோரத்திலிருந்து கண் பக்கமாகக் கொண்டுவந்தீர்கள். அவன் நேரே பார்த்துக்கொண்டே அழுதான். போதகர் ஐயா புத்தகத்தை அவன் கையிலிருந்து வாங்கி மூடினார்.

தோட்டத்து லாரியில் நெடுமங்காடு, அங்கிருந்து பஸ்ஸில் பட்டணம். கண் டாக்டர் விளக்கைப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி நரம்பு நசிந்துவிட்டது என்றும், இன்னும் நாலைந்து மாதத்துக்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் இருந்த பார்வையையாவது காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றும் மலையாளத்தில் சொன்னார். நாலைந்து மாதம். நான் விரலை மடக்கி எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி உங்கள் மடியில் தூங்கினான். நீங்கள் அப்பாவிடம் சொன்னீர்கள்: "டீச்சராட்டே இருந்துட்டேன். ஒரு நாளு அம்மாவாட்டு அவன் மூஞ்சியப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உங்களுக்கு அடுத்துத்தான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவனிடம் கேட்டீர்கள், "எப்பிடி மக்களே இத்தன நாளு ஒப்பேத்தின?"

"கேட்டு கேட்டு மனசிலாக்கினேன்மா" என்றான். என் பெயரை இழுக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை என்னைக் காப்பாற்றினான். நான் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூனில் நீங்கள் உங்கள் முடிவை நீங்களே மாற்றினீர்கள். "நீயாவது போ" என்று சொல்லி என்னை மட்டும் அனுப்பினீர்கள். நான் ஆசைப்பட்டது எனக்குக் கிடைத்தது. முதல் விடுமுறைக்கு வந்தபோது கதவில் வாரம் எழுதியிருக்கவில்லை. நீங்கள் பின்வாசலிலேயே உட்கார்ந்து மரச்சீனி நறுக்கிக்கொண்டு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். பலா மரத்தைச் சுற்றி நீங்கள் மறுபடி வந்ததை நான் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு பதினாறு வருஷம் நீங்கள் அந்தப் பழியை விடவில்லை. யார் வீட்டுக் குழந்தை புத்தகத்தைக் கிட்டத்தில் பிடித்தாலும் பதறுவீர்கள். சபையில் யாராவது தம்பியின் குரலை மெச்சினால், "நான் படிப்பிச்ச லட்சணம்" என்று சொல்லி எழுந்து போய்விடுவீர்கள். அப்பா காலமான பிறகு உங்களையும் தம்பியையும் பட்டணத்தில் என் வீட்டுக்கே கூட்டி வந்தேன். தம்பி தொட்டுப் பார்த்தே பிரம்பு நாற்காலி பின்னுகிறான். சாலைக் கடைத்தெருவில் அவன் பின்னிய நாற்காலியைக் கேட்டு வாங்குகிறார்கள். அவன் ஒரு நாளும் அந்தப் பாறையைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

உங்கள் கடைசி வாரத்தில், ஒரு மத்தியானம், என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டீர்கள். என் மாமியார் கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார்.

"மக்களே, ஒண்ணு கேக்கட்டா. தம்பிக்கு கண்ணு மங்கினது ஒனக்கு முன்னயே தெரியுமா?"

மாமியாரைப் பார்த்தேன். கிண்ணத்தைப் பார்த்தேன்.

"இல்லம்மா."

"செரி" என்றீர்கள். "அப்போ நான் ஒருத்திதான்."

கஞ்சியை வேண்டாம் என்று தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். இரண்டாம் நாள் போய்விட்டீர்கள்.

அடக்கம் முடிந்து நாலு நாள் கழித்துத் தம்பியிடம் இதைச் சொன்னேன். நீங்கள் கேட்டதையும் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவன் பிரம்பை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டான். ஒரு வரிசை பின்னி முடித்ததும், "ஆமான்னு சொல்லியிருக்கலாம் அக்கா. அம்மா ஏசுகதுக்கு கேக்கல்ல" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைப் பிடிக்க நீங்கள் கேட்கவில்லை. அத்தனை வருஷம் தனியாகச் சுமந்ததில் இன்னொருத்தியும் இருந்தாளா என்றுதான் கேட்டீர்கள். இருந்தாள், அம்மா. எனக்குத் தெரியும். பாறையில் அவன் சொன்ன நாளிலிருந்தே தெரியும். சொல்வோமா என்று கேட்டவனைச் சொல்லாதே என்று தடுத்தவள் நான். கட்டிலில் கிடந்து நீங்கள் கேட்ட அன்றைக்கு ஒரு 'ஆமா' சொல்லியிருந்தால் பாதிப் பாரத்தையாவது என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருப்பீர்கள். நீங்கள் முழுவதையும் கொண்டுபோனீர்கள். அப்படியும் என்னுடையது குறையவில்லை.