விமலாக்கா கடைச் சீட்டு போனுக்குள் போன வாரம்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. சமையலறைக்குள்ளேயே கொடி.

இன்றைக்கு:
கேஸ் புக் பண்ண.
பத்து மணிக்கு வி. அக்கா கடை. லேப்டாப் சார்ஜர் மறக்கக் கூடாது.
வேலை மெயிலுக்குப் பதில். இன்னும் எழுதவில்லை. சனி மாலை ஆறு வரை டைம்.

விமலாக்கா ஒத்துக்கொண்டார். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. நாலு தெரு தள்ளி லேடீஸ் டெய்லர் கடை, ஐந்து மெஷின், ஒரு கட்டிங் மாஸ்டர். எட்டு வருஷமாக என் ப்ளவுஸ் எல்லாம் அங்கேதான். சனிக்கிழமை வரை வைத்துப் பார்ப்பாராம். பிடித்தால் வைத்துக்கொள்வாராம், இல்லாவிட்டால் மூட்டை கட்டு என்று சொல்லிவிட்டார்.

விஷயம் இவ்வளவுதான். போனுக்குள்ளேயே வாலட் என்று ஒன்று. போர்டிங் பாஸ், சினிமா டிக்கெட் எல்லாம் போய் உட்காருகிற இடம். இப்போது சின்னக் கடைகூட அதில் தன் பாஸைப் போடலாம். தனியாக ஆப் இறக்க வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். கடையில் ஒரு வரியை மாற்றினால் கஸ்டமர் போனில் இருக்கிற பாஸ் தானாக மாறிக்கொள்ளும், பூட்டின திரையிலேயே வந்து நிற்கும். காகிதக் கார்டைப் போட்டோ எடுத்தால் பாஸாக்கித் தருகிற வசதி வேறு வந்துவிட்டது. மூன்று மாதமாக இதே பைத்தியம். என் வீட்டுக்காரர் செல்வாவுக்கு என் பேச்சு மனப்பாடம்.

ஆகஸ்டில் கம்பெனி எங்கள் டீமையே மூடியது. பதிமூன்று வருஷம் கஸ்டமர் சப்போர்ட். இப்போது ஒயிட்ஃபீல்டில் ஒரு இடத்தில் கூப்பிடுகிறார்கள். அதே ஹெட்செட், அதே மன்னிப்பு, தினம் அறுபது பேரிடம். போகப் பிடிக்கவில்லை. வீட்டில் சும்மா உட்காரவும் முடியாது. செல்வா பொம்மசந்திரா ஃபாக்டரி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பும்போது ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சொன்னது: "ஒரே ஒரு கடை உன்னை வேணும்னு கேக்கட்டும் ஜெசி. அப்புறம் ஒயிட்ஃபீல்டு பேச்சே நான் எடுக்க மாட்டேன்."

நியாயம்தான். ஒரே ஒரு கடை, சனிக்கிழமைக்குள்.

கடையில் பார்த்தது: ரோஸ் கலர் பில் புக். துணியின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பிட் வெட்டிச் சீட்டில் பின் அடித்துக் கொடுப்பார்கள். இன்னொரு பிட் கடைப் பிரதியில். இந்தச் சீட்டைத் தொலைக்காத பெண் எங்கள் லிங்கராஜபுரத்தில் கிடையாது. தொலைத்துவிட்டு வந்து "அந்த மெரூன்" என்பார்கள். ரேக் முழுக்க மெரூன்.

கட்டிங் மாஸ்டர் பாஷா பாய் கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "சீட்டு போனுக்குள்ள போகுது, சரி. துணி பிட்டு எங்கம்மா ஒட்டுவே?"

பாஸின் மேலே கடை லோகோ போடத்தான் ப்ளான். லோகோவைத் தூக்கினேன். ஒவ்வொரு பிட்டையும் கட்டிங் டேபிளில் வைத்துப் போட்டோ எடுத்து, அதையே பாஸின் தலையில் போட்டேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பாய் எட்டிப் பார்த்தார். "ஆங். இப்ப இது சீட்டு."

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். எல்லாம் காய்ந்தது.

பில் புக்கில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பினேன். தட்டினால் பாஸ் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். பதினொன்றுக்குள் பாதிப் பேர் சேர்த்துவிட்டார்கள். வெட்டியாச்சு, தைச்சாச்சு, ஹெம்மிங், ரெடி. என் லேப்டாப் திரையில் நாலு பட்டன். வி. அக்காவுக்குக் காட்டிக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி "ரெடி"யை ஒரு விரலால் அழுத்தினார், கரண்ட் ஷாக் அடிக்கும் என்கிற மாதிரி.

அரை மணி நேரம்கூட இல்லை. முதல் ஆள் வந்தாயிற்று. கிரேஸ் டீச்சருடைய வீட்டுக்காரர். ஹெல்மெட்டைக் கழற்றாமல் போனை நீட்டினார், பாஸில் பச்சைச் சில்க் பிட், கீழே ரெடி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு பாஸைப் பார்த்துச் சிலிர்க்கிற பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"பக்காவா இருக்கு மேடம்," என்றார். "நாலு ப்ளவுஸ்னு போட்டிருக்கு. ரெண்டுதான்னு சொன்னா அவ."

சிரித்தார். நானும் சிரித்தேன். வி. அக்கா சிரிக்கவில்லை. பையில் போட்டுக் கொடுத்தார். என்னவோ என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் மூன்று பேர் வந்தார்கள். சீட்டு தேடல் இல்லை, மெரூன் சண்டை இல்லை. "நான் போனே பண்ணலையேடி, எப்படி வராங்க?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பார்லர், பேக்கரி, பல் டாக்டர் எல்லாம் என் கண்ணுக்குப் பாஸாகவே தெரிந்தது. பேக்கரிக்குப் பத்து வாங்கினால் ஒன்று இலவசம் கார்டு. டாக்டருக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட். மாவு வாங்க மறந்தேன். ராத்திரி உப்புமா.

நவம்பர் 12, புதன்

எழுதவே கை வரவில்லை.

ஒன்பதரைக்குக் கடை திறக்கும்போதே கிரேஸ் டீச்சர் ஷட்டர் முன்னால். ஸ்கூலுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். "அக்கா, நான் என்ன தைக்கக் கொடுத்தேன்னு அவருக்கு யாரு லிஸ்ட் அனுப்பச் சொன்னது? நேத்து ராத்திரி பூரா பீரோ முன்னாடி நிக்க வச்சு எண்ணுறாரு."

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக. ஒருத்தி தங்கைக்காக ரகசியமாக எடுத்த பட்டு அம்பலம். இன்னொருத்தி வீட்டில் போன் அப்போது மாமியார் கையில். பின் தெருக் கன்னடக்காரம்மா, புருஷனை யஜமானரு என்றுதான் சொல்வார், அழாத குறை: "எங்க யஜமானரு ஆபீஸ் மீட்டிங்ல இருந்தாராம். போன் டேபிள் மேல. எல்லாரும் பார்க்க ஸ்கிரீன்ல வருது, 'பின் கழுத்து டீப், கயிறு ரெண்டு'ன்னு. மானமே போச்சு விமலா."

பில் புக்கில் இருக்கிற நம்பரில் முக்கால்வாசி வீட்டுக்காரர்களுடையது. இங்கே எல்லாரும் அப்படித்தான். கடையில் நம்பர் கேட்டால் புருஷன் நம்பர். வேண்டாத ஆள் யாரும் நமக்குப் போன் பண்ணக் கூடாது, வேலை முடிந்து வரும் வழியில் அவரே வாங்கி வந்துவிடுவார். அக்கா போனில் "துணி ரெடி" என்று மட்டும் சொல்வார். எத்தனை, எப்படி என்று பதினாறு வருஷமாக வாயைத் திறந்ததில்லை. நான் ஒரே நாளில் போட்டோவோடு போட்டு உடைத்துவிட்டேன்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "என்னை நம்பித்தான் அளவு கொடுக்கறாங்க ஜெசி. உடம்பு அளவு. எல்லாத்தையும் எடுத்துடு."

சாயந்திரம் செல்வா வந்தார். போனை என் முன்னால் வைத்தார். நீலக் காட்டன் பிட். பெயர் ஜெசிந்தா. ப்ளவுஸ் மூன்று, எம்பிராய்டரி.

நானும் எட்டு வருஷமாக அவர் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன். தெரிந்த விஷயம்தானே எனக்கு? லிங்க் அனுப்பும்போது புத்தி எங்கே போயிருந்தது? நம்பர், நம்பர், நம்பர். ஆபீஸில் எந்த ஃபாரத்துக்கும் முதல் கட்டம் அதுதான், அதே பழக்கத்தில் அடித்துத் தள்ளியிருக்கிறேன்.

"ஒண்ணுன்னு சொன்னே," என்றார் செல்வா. அவ்வளவுதான். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாத்ரூமில் போய் அழுதேன்.

நவம்பர் 13, வியாழன்

குளிர். ஸ்வெட்டர் எடுத்தேன், பாச்சை உருண்டை வாசனை.

காலையில் ஒயிட்ஃபீல்டு மெயிலைத் திறந்து சம்மதம் என்று பாதி அடித்தேன். டிராஃப்டில் கிடக்கிறது.

கடைக்குப் போனேன், எல்லாவற்றையும் எடுக்கத்தான். இதை இருந்த இடத்திலிருந்தே ரத்து செய்யலாம். ஒரு பட்டன், எல்லா வீட்டுக்காரர்கள் போனிலும் பாஸ் செத்துவிடும். அழுத்தினேன். போட்டோவும் விவரமும் காலி. அக்காவிடம் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினார்.

சார்ஜரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது பாஷா பாய்: "அரே, ஒரு விஷயம் கேக்கறேன். நம்பர் இல்லாம இது போகாதா? காகிதச் சீட்டை நாம யார் கையில கொடுக்கறோம்? எதிர்ல நிக்கறவ கையில. வீட்டுக்காரரு நம்பருக்கா அனுப்பறோம்?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நம்பர் வேண்டாம். இதற்கு நம்பரே வேண்டாம். அதுதானே இதன் அழகு, மூன்று மாதமாக ஊரெல்லாம் நானே சொல்லிக்கொண்டு திரிந்தது. கவுன்டரில் ஒரு க்யூஆர். எதிரில் நிற்கிறவள் தன் போனைக் காட்டுகிறாள், பாஸ் அவள் போனுக்குப் போகிறது, வேறு யாருக்கும் போகாது. அவள் நம்பர்கூடக் கடைக்குத் தெரிய வேண்டியதில்லை. பூட்டின திரையில் "விமலா டெய்லர்ஸ்: ரெடி", அதற்கு மேல் ஒரு எழுத்து வராது. மற்றது அவளே திறந்து பார்த்தால்தான்.

அக்காவிடம் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன் போல, பாய் தண்ணீர் கொடுத்தார்.

"இன்னொருவாட்டி ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகாதுக்கா. நேத்து நடந்ததுக்கு நானே ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்."

"நீ கேக்காதே, இன்னும் கிளறுவே. நானே பேசிக்கறேன்." ஒரு ஹூக் தைத்து முடித்தார். "சனிக்கிழமைன்னுதானே பேச்சு. சனிக்கிழமை வரைக்கும் இரு."

இரவு ஒரு மணி வரை வேலை. பசியே இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

க்யூஆர் அட்டை: டிரையல் ரூம் கண்ணாடியில் ஒன்று, கவுன்டரில் ஒன்று. லேமினேஷன் கொஞ்சம் கோணல்.

முதலில் ஒருத்தரும் தொடவில்லை. புதன்கிழமைக் கதை தெரு முழுக்கப் பரவியாயிற்று. பன்னிரண்டு மணிக்கு வந்தது யார்? கிரேஸ் டீச்சரேதான், கையில் ஒரு புதுத் துணி. அக்கா கூப்பிட்டிருக்கிறார். என்னை ஒரு பார்வை. "இது என் போன்ல மட்டும்தானே?"

"உங்க போன்ல மட்டும்தான் டீச்சர். இதுக்கு உங்க நம்பரே வேண்டாம்."

ஸ்கேன் செய்து, பில் நம்பரைத் தட்டினார். அந்தத் துணியின் பிட் போட்டோ வந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து இன்னொரு துணியை எடுத்து டேபிள் மேல் வைத்தார். "அப்ப இதையும் எழுதிக்கோங்கக்கா."

அக்காவுக்கு முகத்தில் சிரிப்பு. இந்த வாரத்தில் முதல் தடவை.

அதற்கப்புறம் ஓட்டம்தான். காலேஜ் பெண்கள் சொல்லித்தரும் முன்பே செய்துவிட்டார்கள். கன்னடக்காரம்மா மகளோடு வந்து, "இதுல யஜமானரு வரமாட்டாருதானே?" என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டார். அக்காவுக்குத் "துணி ரெடியா" என்று போன் வருவது எவ்வளவு குறைந்தது என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. எத்தனையாவது கட்டத்தில் துணி இருக்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். பாய் ஒரு துணியை நடுவில் நிறுத்தாமல் வெட்டி முடித்தார்.

நாலு மணிக்கு எனக்கு ஒரு யோசனை. கிறிஸ்துமஸ் கூட்டம் எப்போதும் கடைசி வாரத்தில்தான் வந்து கழுத்தை நெரிக்கும். இப்போது பாஸ் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வரி போட்டால்? அக்காவைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு வார்த்தையும் அவர் சொன்னபடி: "கிறிஸ்துமஸ் துணி அடுத்த மாசம் பத்து வரைக்கும்தான் வாங்குவோம்." அவர் விரலாலேயே அனுப்பவைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் ஏழு துணி. நவம்பர் பதினாலில் கிறிஸ்துமஸ் துணி. பாய் ரேக்கைப் பார்த்துவிட்டு "பேஜாருமா," என்றார், சந்தோஷமாக.

துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். செல்வாவிடம் ஒப்பித்தேன். "அக்கா என்ன சொன்னாங்க?" என்றார். ஒன்றும் சொல்லவில்லை. அது இடிக்கிறது.

நவம்பர் 15, சனி

மேகமூட்டம். பால்காரர் லேட்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து காலையிலேயே போன். "மேடம், டுடே சிக்ஸ் பி.எம்." தெரியும்மா, தெரியும்.

கடையில் நிற்க இடமில்லை. காலை முழுக்க ஸ்கேன், போட்டோ, பின். அக்கா பக்கத்தில் போனாலே யாராவது வந்துவிடுகிறார்கள். மத்தியானம் டிஃபன் பாக்ஸ் திறந்தார், பேசலாம் என்று போனேன், அதற்குள் ஒரு மணப்பெண் அளவு கொடுக்க வந்துவிட்டாள். மூன்று. நாலு. மணியைப் பார்த்துக்கொண்டே பின் அடித்தேன். டிராஃப்டில் அந்த சம்மதம். இவர் வாயைத் திறக்காவிட்டால் அதைத்தான் அனுப்ப வேண்டும்.

ஐந்தேகால். பொறுக்க முடியவில்லை. நேராகப் போய் நின்றேன்.

"அக்கா, சனிக்கிழமை ஆயிடுச்சு. ஆறு மணிக்குள்ள அந்த வேலைக்கு நான் பதில் சொல்லணும்."

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். "எந்த வேலை?"

நான் சொல்லவே இல்லை அவரிடம். ஒயிட்ஃபீல்டு பற்றி, செல்வா பேச்சு பற்றி, எதுவும். இப்போது சொன்னேன். கேட்டார் முழுக்க. நூலைப் பல்லால் கடித்தார்.

"நல்ல வேலையா இருந்தா போ ஜெசி. நான் தடுக்க மாட்டேன். ஆனா இதை எடுத்துட்டுப் போகாதே."

"நான் இல்லாம இது ஓடாதுக்கா. திங்கக்கிழமை புதுத் துணி வந்தா யாரு பாஸ் போடுவா?"

"அப்ப எதுக்குப் போறே?"

அவ்வளவுதான் சொன்னார். சாதாரணமாக, பட்டன் கலர் கேட்கிற மாதிரி. சொல்லிவிட்டு மணப்பெண்ணின் லைனிங் துணியை உதறினார்.

ஓவர்லாக் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். டிராஃப்டை அழித்தேன். நன்றி, வர இயலாது என்று இரண்டு வரி. ஒரு எழுத்து தப்பாயிற்று, திருத்தினேன். ஐந்து நாற்பதுக்கு அனுப்பினேன். பயமாக இருந்தது. பயங்கர சந்தோஷமாகவும் இருந்தது.

வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. கவுன்டரில் ஆள் இல்லை என்று அங்கே போய் நின்றுகொண்டேன். புதிதாக ஒரு பெண், கையில் ஆரஞ்சு கலர் துணி. ஓரத்தில் பிட் வெட்டினேன், பின் அடித்தேன், போட்டோ எடுத்தேன், அவள் போனை வாங்காமல் க்யூஆரைக் காட்டினேன்.

"நீங்க இந்தக் கடையாக்கா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.